போன மாதம் என்ன மாறியது?

முழங்கை வலிக்கிறது, குதிகாலை ஊன்ற முடியவில்லை, தோளைத் தூக்கினால் உயிர் போகிறது. இப்படி வருகிறவர்களிடம் எங்கே அடிபட்டது என்று கேட்டால் "எங்கேயும் விழலையே" என்பார்கள். உண்மைதான். அடிபட்ட நாளைத் தேடுவதைவிட, போன மூன்று நான்கு வாரத்தில் என்ன மாறியது என்று கேட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும். வாஷிங் மெஷின் பழுதாகிக் கையால் துணி பிழிந்திருப்பார். வீடு மாறியிருப்பார். ஜனவரியில் வரும் சென்னை மாரத்தானுக்காக நவம்பரில்தான் ஷூவைத் தூசி தட்டி எடுத்து, எடுத்த எடுப்பில் வாரம் 30 கிலோமீட்டர் ஓடியிருப்பார். மார்கழி நெருங்கி நாட்டிய ஒத்திகை இரட்டிப்பாகியிருக்கும். வீட்டில் முதல் குழந்தை பிறந்திருக்கும்.

தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். டாக்டர்கள் டெண்டன் என்பார்கள். எலும்பை எலும்போடு கட்டி வைப்பது லிகமென்ட்; நம் ஊரில் ஜவ்வு. இரண்டும் கெடுகிற விதம் வேறு. லிகமென்ட் பெரும்பாலும் ஒரே நொடியில் போகும்: கால் புரண்டது, முட்டி திருகியது என்று மணி நேரத்தோடு சொல்லிவிடலாம். தசைநாண் மெதுவாகக் கெடும். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகமும் குறைவு. உடற்பயிற்சி தொடங்கினால் தசை சில வாரங்களிலேயே பலம் கூடிவிடும். தசைநாண் அந்தச் சுமைக்குப் பழக மூன்று மாதமாவது ஆகும். இந்த இடைவெளியில்தான் வம்பு வருகிறது. தசை "இன்னும் கொஞ்சம் ஓடு" என்கிறது, தசைநாண் தயாராக இல்லை. கடுமையான பயிற்சிக்குப் பிறகு முதல் ஒன்று, ஒன்றரை நாள் தசைநாணுக்குள் கொலாஜன் (அதன் இழைகளாக இருக்கும் புரதம்) உருவாவதைவிடச் சிதைவதே அதிகம். அதன் பிறகுதான் கட்டுமானம் முந்துகிறது. தினமும் உச்ச சுமை ஏற்றினால் அந்தக் கட்டத்துக்கே போக முடியாது.

இன்னொரு தவறான எண்ணமும் இருக்கிறது. நாள்பட்ட தசைநாண் வலி என்றாலே உள்ளே வீங்கியிருக்கிறது, மாத்திரை போட்டு வீக்கத்தை வடித்தால் போதும் என்று நினைக்கிறோம். மாதக்கணக்கில் இருக்கும் வலியில் அழற்சியின் பங்கு சிறிதுதான். முக்கியமான கோளாறு, கொலாஜன் இழைகள் ஒழுங்கு குலைந்து கிடப்பது. அவை மறுபடி ஒழுங்காக அமைய இழுவிசை தேவை. அதனால்தான் வெறும் ஓய்வு ஏமாற்றிவிடுகிறது: மூன்று வாரம் கையை அசைக்காமல் வைத்தால் வலி போய்விடும், தசைநாண் முன்பைவிடப் பலவீனமாகியிருக்கும், பழைய வேலைக்குத் திரும்பிய நாலாம் நாள் வலியும் திரும்பும். சுமையைக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. அளவு பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: பயிற்சி செய்யும்போது வலி பத்துக்கு மூன்று, நாலு வரை இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அது வழக்கமான அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நேற்று செய்தது அதிகம்.

இதற்கு நல்ல உதாரணம் டென்னிஸ் எல்போ. ராக்கெட்டைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. வயது பெரும்பாலும் 35-லிருந்து 55-க்குள். முழங்கையின் வெளிப்புற எலும்பு முண்டில் தொடங்கும் தசைநாண்தான் மணிக்கட்டை மேல்பக்கம் நிமிர்த்திப் பிடிக்கிறது. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் அது வேலை செய்தாக வேண்டும். ஈரத் துணி பிழிதல், ஸ்க்ரூ டிரைவர் திருகுதல், பரோட்டா மாவு அடித்தல், அண்ணா சாலை நெரிசலில் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விடுதல் எல்லாம் ஒரே கணக்கில் சேரும். கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மணிக்கட்டை மேலே தூக்குங்கள். இன்னொருவர் அதைக் கீழே அழுத்தட்டும். அந்த முண்டில் சுருக்கென்று வலித்தால் பெரும்பாலும் இதுதான்.

பயிற்சி: முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்கட்டும், உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோ; டம்பெல் வாங்கத் தேவையில்லை. ஒரு கிலோவே அதிகம் என்றால் பாதி நிரப்புங்கள். மற்றக் கையின் உதவியோடு மேலே தூக்கி, வலிக்கிற கையால் மட்டும் மூன்று நான்கு விநாடி எடுத்து மெதுவாக இறக்க வேண்டும். 15 முறை, மூன்று சுற்று. முதல் ஒரு வாரம் அதுவும் வலித்தால், அசைக்காமல் பாதி உயரத்தில் 30 முதல் 45 விநாடி பிடித்து வைப்பதை ஐந்து முறை செய்யலாம். ஆறு வாரத்துக்கு முன் முடிவு கட்டாதீர்கள். முழங்கைப் பட்டை வாங்கினால் அதை வலிக்கிற எலும்பின் மேலேயே கட்டக் கூடாது. அதிலிருந்து இரண்டு விரற்கடை கீழே, தசையின் மேல் கட்ட வேண்டும். துணியை முறுக்கிப் பிழிவதற்குப் பதில் குழாயில் மாட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடித்துத் திருகலாம். பையையும் அதேபோல் உள்ளங்கை மேலே இருக்கத் தூக்கினால் பாதித் தொல்லை குறையும்.

ஊசி பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. டென்னிஸ் எல்போவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஆறு வாரத்துக்குச் சொர்க்கம். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது, ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிட மோசமான நிலையில் இருந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலி திரும்பி வருவதும் அவர்களுக்குத்தான் அதிகம். பெருவிரல் பக்க மணிக்கட்டு வலிக்கு அதே ஊசி நன்றாக வேலை செய்யும். இடம் பார்த்துத்தான் மருந்து.

அந்தப் பெருவிரல் வலிக்கு டி குவெர்வேன் என்று பெயர். குழந்தை பெற்ற அம்மாக்களுக்கும், பேரனைத் தூக்கும் பாட்டிகளுக்கும் சகஜம். குழந்தையின் அக்குளில் இரு கைகளையும் கொடுத்து, பெருவிரலை விறைப்பாக விரித்துத் தூக்குவதுதான் காரணம். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் கத்தி வைத்த மாதிரி இருக்கும். குழந்தையின் பின்புறத்துக்கும் முதுகுக்கும் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஏந்தித் தூக்குங்கள். பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டை மூன்று முதல் ஆறு வாரம் போட வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண மணிக்கட்டுப் பட்டை பெருவிரலை விட்டுவிடுவதால் பயனில்லை. காலையில் விரல் மடங்கி 'டக்'கென்று விடுபடுகிறது என்றால் அது டிரிகர் ஃபிங்கர். சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம், ஊசிக்குப் பெரும்பாலும் கேட்கும். ஆனால் ஊசி போட்ட பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போனால் அது தசைநாண் பிரச்சினை அல்ல, நரம்பு நெருக்கப்படுவது, வேறு வைத்தியம்.

தோளுக்கு வருவோம். சென்னையில் தோளைக் கெடுக்கும் தனிச்சிறப்பான பொருள் ஒன்று உண்டென்றால் அது இருபது லிட்டர் தண்ணீர் கேன். தண்ணீர் மட்டுமே 20 கிலோ. அதை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, கையை நீட்டிய நிலையில் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். தோள் எலும்பின் கூரைக்கு அடியில் ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணுக்கும், முன்பக்கத்து பைசெப்ஸ் தசைநாணுக்கும் இதைவிடக் கெட்ட கோணம் கிடையாது. ஐம்பது வயதுக்கு மேல் அந்தத் தசைநாண் ஏற்கெனவே நைந்திருக்கும். கேன் கடைசித் தள்ளு தள்ளிவிடும். தரையிலிருந்து முதலில் ஸ்டூல், அங்கிருந்து ஸ்டாண்டு என்று இரண்டு கட்டமாக, மார்போடு ஒட்டி ஏற்றலாம். கேனைத் தரையிலேயே விட்டு, வாயில் பம்ப் மாட்டிக்கொள்வது அதைவிட உத்தமம். கேன் போடுகிற தம்பியிடமே கவிழ்த்துவிட்டுப் போகச் சொல்வதில் வெட்கமென்ன?

கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவில், சுமார் 60 முதல் 120 டிகிரி வரை மட்டும் வலித்து, மேலே போனதும் குறைந்தால் தசைநாண் என்று சந்தேகிக்கலாம். மாநகரப் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது வலிப்பது இதனால்தான். இருக்கையின் பின்கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃப்ரோசன் ஷோல்டர் வேறு. முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். இன்னொருவர் திருப்பினாலும் போகவில்லை, கதவு சாத்திய மாதிரி நிற்கிறது என்றால் மூட்டு உறையே சுருங்கிவிட்டது. 40-லிருந்து 60 வயதுக்குள், பெண்களுக்கும் சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கும் கூடுதலாக வரும். ரத்தத்தில் மிதமிஞ்சிய சர்க்கரை கொலாஜனோடு ஒட்டி அதை விறைக்கச் செய்கிறது. காரணமே இல்லாமல் தோள் இறுகினால் சர்க்கரை பார்த்துவிடுங்கள். நோய் இருப்பதே அப்போதுதான் தெரியவரும் ஆட்கள் உண்டு. குணமாக ஒன்று முதல் மூன்று ஆண்டு ஆகும். வலி உச்சத்தில் இருக்கும் முதல் சில மாதத்தில் கையை இழுத்து முறிப்பது நிலைமையை மோசமாக்கும். அந்தக் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஊசியும் மென்மையான அசைவுமே போதும். பலமாக நீட்டுவதெல்லாம் வலி அடங்கிய பிறகு.

முழங்காலில் ஒரே நொடியில் நடப்பது, முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற லிகமென்ட் கிழிவது. யாரும் வந்து மோதியிருக்க மாட்டார்கள். ஓடி வந்து சட்டென்று திரும்புவார், அல்லது குதித்து முட்டி உள்பக்கம் சாய இறங்குவார். 'பட்'டென்று சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்தாகும். அந்த வேகத்தில் வீங்கினால் உள்ளே ரத்தம் என்று பொருள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு இரவு பத்து மணிக்கு டர்ஃபில் இறங்கி வார்ம்-அப் இல்லாமல் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் இதற்குத் தாமாகவே விண்ணப்பிக்கிறார்கள். செயற்கைப் புல்லில் நீளமான ஸ்டட் ஷூ போட்டால் கால் தரையிலேயே பூட்டிக்கொள்ளும், உடல் மட்டும் திரும்பும். டர்ஃபுக்கென்று வரும் குட்டை முளை ஷூ போடுங்கள். ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் முறை 20 நிமிடம்தான். ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கின்றன. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன் களத்தில் இறங்கக் கூடாது. ஆறாம் மாதம் நன்றாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து.

வீக்கம் மறுநாள் வந்தால், முட்டி பாதியில் பூட்டிக்கொண்டால், உள்ளே இருக்கும் மெத்தை போன்ற மெனிஸ்கஸ் என்று நினைக்கலாம். இளைஞர்களுக்கு அது திருகி விழுந்ததால் கிழியும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் தரையிலிருந்து எழுந்ததற்கே கிழியும். ஸ்கேனில் 'கிழிசல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம்: அந்த வயதில் வலியே இல்லாதவர்களின் முட்டியிலும் தோளிலும்கூட ஸ்கேன் எடுத்தால் கிழிசல் தெரியும். பூட்டிக்கொள்ளாத தேய்மானக் கிழிசலுக்கு, துளை போட்டு நறுக்கி எடுப்பதும் மூன்று மாதத் தொடைப் பயிற்சியும் கிட்டத்தட்ட ஒரே பலனைத்தான் தருகின்றன.

நாட்டியம் ஆடுகிற பெண்களுக்குத் தனியாக ஒன்று. முட்டியை மடக்கிப் பாதி அமரும் அரைமண்டியில் பாதம் விரிவது இடுப்பிலிருந்து வர வேண்டும். இடுப்பு விரியாதபோது பாதத்தை மட்டும் வலுக்கட்டாயமாகத் திருப்பினால் முட்டியின் உள்பக்கம் முறுக்கு விழும். கண்ணாடி முன் அரைமண்டியில் அமர்ந்து பாருங்கள். முட்டிச் சில்லு இரண்டாம் கால்விரலுக்கு நேரே இருக்க வேண்டும், உள்ளே சாய்ந்திருந்தால் பாதத்தைக் குறைத்து விரியுங்கள். பாதத்தைத் தரையில் தட்டும் தட்டடவை, கிரானைட் தரையில் மூன்றாம் காலத்தில், அதாவது உச்ச வேகத்தில், தட்டுவது குதிகாலுக்கும் முட்டிக்கும் நேரடி அடி. மரத்தளம் கிடைக்காத இடத்தில் மூன்றாம் காலத்தின் சுற்றுகளையாவது குறைக்கலாம். மார்கழிக்கான ஒத்திகையை டிசம்பர் முதல் வாரத்தில் குவிக்காமல் அக்டோபரிலேயே ஏற்றத் தொடங்குங்கள்.

கணுக்கால் சுளுக்கு நம் ஊர் நடைபாதைகளின் உபயம்: ஆடும் சிலாப், மூடாத மழைநீர் வடிகால், ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும் அவசரம். பாதம் உள்பக்கம் புரண்டு, வெளிக்கணுவின் முன்னால் உள்ள லிகமென்ட் இழுபடும் அல்லது கிழியும். எக்ஸ்ரே தேவையா என்று பார்க்க ஒட்டாவா விதிகள் என்று ஒன்று உலகம் முழுக்க உண்டு. அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லையா? கணு எலும்பு இரண்டில் எதன் பின் விளிம்பிலாவது, நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளி விளிம்பில் நடுவே துருத்தும் எலும்பிலோ, உள்பக்க வளைவின் மேலுள்ள எலும்பிலோ வலியா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் எக்ஸ்ரே எடுங்கள்.

அதை எடுக்காமல் சுளுக்கு வழிக்கப் போவதுதான் நான் கடுமையாகச் சொல்ல விரும்புவது. புதிதாகக் கிழிந்த இடத்தில் சூடான எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவினால் உள்ளே ரத்தக் கசிவு கூடும். எலும்பு முறிந்திருந்தால் விலகும். புத்தூர்க் கட்டு மாதிரி இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் வீக்கம் ஏறினால் ரத்த ஓட்டமே நின்றுவிடலாம். விரல் நுனி மரத்து, நீலமோ வெளுப்போ தட்டி, வலி மேலும் மேலும் ஏறினால் அந்த நிமிடமே கட்டை அவிழ்க்க வேண்டும். விடியட்டும் என்று இருக்காதீர்கள். முதல் இரண்டு நாள்: துணியில் சுற்றிய ஐஸ் 10–15 நிமிடம், விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றிய கிரேப் பேண்டேஜ், நெஞ்சு மட்டத்துக்கு மேல் கால். மூன்றாம் நாளிலிருந்து தாங்குகிற அளவு ஊன்றி நடங்கள். வலி போன பிறகும் ஆறு வாரம், பல் தேய்க்கும்போது அந்த ஒற்றைக் காலில் நில்லுங்கள், பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு. இதை விட்டவர்களுக்குத்தான் அதே கால் மறுபடி மறுபடி புரளும்.

அக்கிலிஸ், குதிகாலுக்குப் பின்னே தடித்த கயிறாகத் தெரியும் தசைநாண். எலும்பில் ஒட்டும் இடத்திலிருந்து இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே ரத்த ஓட்டம் மிகக் குறைவு. வலியும் அறுபடுவதும் பெரும்பாலும் அங்கேதான். பெசன்ட் நகர், மெரினா மணலில் வெறுங்காலோடு ஓடுவது மென்மையானது என்ற நம்பிக்கை தவறு. மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்காலுக்கு வேலை கூடும். அலையோர ஈர மணல் ஒருபக்கம் சரிவு என்பதால் ஒரு காலுக்கு மட்டும் தனிச்சுமை. 1998-ல் வெளியான, ஸ்வீடன் எலும்பு டாக்டர் ஆல்ஃபிரட்சனின் முறை இன்றும் நிற்கிறது: படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலால் ஏறி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குவது. முட்டியை நீட்டி 15 முறை மூன்று சுற்று, மடக்கி 15 முறை மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் படிக்குக் கீழே இறக்காதீர்கள், சமதரையில் செய்யுங்கள்.

பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்து, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றால் அக்கிலிஸ் அறுந்திருக்கலாம். குப்புறப் படுத்து, கெண்டைக்காலைப் பிசைந்தால் பாதம் அசைய வேண்டும். அசையாவிட்டால் அன்றைக்கே எலும்பு டாக்டர். இதில் மாத்திரைக்கும் பங்கு உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் தசைநாணை அறுக்கக் கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-ல் கறுப்புக்கட்ட எச்சரிக்கை போட வைத்தது. அறுபது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் மாத்திரைகளில் இந்த வகையும் இருக்கிறது.

காலையில் முதல் அடி வைத்ததும் குதிகாலின் அடியில் ஆணி குத்துவது பாதத்தின் அடிநார். வழவழ டைல்ஸில் நாள் முழுக்க வெறுங்காலோடு நடப்பதும், நின்றே பார்க்கும் வேலையும் காரணம். தி.நகர் துணிக்கடைகளில் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டமே திருத்தப்பட்டது. இருக்கையும் உட்கார அனுமதியும் சேர்ந்து கிடைக்கிறதா என்பது கடைக்குக் கடை வேறு. விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, மூன்று விநாடியில் குதிகாலைத் தூக்கி எழும்பி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறங்குங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள். எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் குதிகால் வலித்தால் இதல்ல, வளரும் எலும்பின் முனை இழுபடுவது. விளையாட்டுக் கோச்சிங்கைச் சில வாரம் குறைத்தால் அடங்கும்.

காயமே இல்லாத மூட்டு வலிகளும் உண்டு. காய்ச்சலோடு பல மூட்டு பிடித்தால் சிக்குன்குனியா, டெங்கு என்று யோசியுங்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் இருக்கும்போது டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். காலையில் ஒரு மணி நேரம் விரல்கள் விறைத்து, இரு கைகளிலும் ஒரே மாதிரி வீங்கினால் முடக்குவாதம் பார்க்க வேண்டும். ஒரே ஒரு மூட்டு சூடாகச் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். குருத்தெலும்பு நாட்கணக்கில் கரைந்துவிடும் என்பதால் அன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

உடனே போகச் சொன்னவை தவிர மற்றதற்கெல்லாம் அவசரமில்லை. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு. எங்கே போனாலும், கரண்ட் வைத்து ஒத்தடம் கொடுத்து அனுப்பினால் போதாது. எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை சுற்று, எந்த வாரம் ஏற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.